ராமானுஜர் உடைத்த பானை

கடவுள் இருக்கிறார் என்பதைத் தர்க்கத்தால் நிரூபிக்கவே முடியாது என்று விரிவாக வாதாடியவர்களில் ஒருவர் ராமானுஜர். ஆமாம், திருப்பெரும்புதூரில் பிறந்து, திருவரங்கத்தில் கோயில் நிர்வாகத்தையே ஒழுங்குபடுத்தி, இன்றைக்கும் வைணவர்கள் உடையவர் என்று கைகூப்பும் அதே ராமானுஜர்தான். வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்மசூத்திரத்துக்கு அவர் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில், மூன்றாவது சூத்திரத்தின் உரையில், "உலகம் இருக்கிறது, ஆகவே அதைச் செய்த ஒருவர் இருந்தாக வேண்டும்" என்ற வாதத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூட்டு மூட்டாகக் கழற்றிப் போடுகிறார். எழுதியவர் பெயரை மறைத்துவிட்டு அந்தப் பகுதியை மட்டும் யாரிடமாவது படிக்கக் கொடுத்தால், ஏதோ நாத்திகர் எழுதியது என்றுதான் சொல்வார்கள்.

நம் ஊரில் கடவுள் விவாதம் எப்படி நடக்கும் என்று தெரியும்தானே. ஒரு பக்கம் "இவ்வளவு பெரிய பிரபஞ்சம் தானாகவா வந்தது?" என்பார்கள், எதிர்ப்பக்கம் "சரி, காட்டு பார்ப்போம்" என்பார்கள், ராத்திரி முழுக்க ஓடும். ஆனால் இரண்டு தரப்புக்கும் சொல்லாமலே ஒரு உடன்பாடு இருக்கிறது: நிரூபிக்க முடிந்தால் நம்புவது நியாயம், முடியாவிட்டால் நம்புவது மடமை. எனக்குச் சந்தேகம் இந்த உடன்பாட்டின் மீதுதான். நிரூபிக்க முடியுமா என்பது ஒரு கேள்வி. நிரூபணம் இல்லாமல் நம்புகிறவர் அறிவுக்கு விரோதமாக நடக்கிறாரா என்பது வேறு கேள்வி. இந்தியத் தத்துவ மரபில் ஆயிரம் வருடத்துக்கு முன்பே இவை இரண்டையும் பிரித்துப் பேசியிருக்கிறார்கள். அதுவும், ஆத்திகர் ஒரு கட்சி, நாத்திகர் ஒரு கட்சி என்று நாம் நினைக்கிற மாதிரி வரிசை கட்டி நின்று பேசவில்லை. யார் யார் பக்கம் நின்றார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும்.

முதலில் பானை. தர்க்கத்தையே வழியாகக் கொண்ட நியாய தரிசனக்காரர்களின் வாதம் ஒற்றை வரியில் இது: பூமி, முளை முதலானவை ஒரு கர்த்தாவால் (செய்பவரால்) ஆனவை, ஏனென்றால் அவை காரியங்கள் (புதிதாக உண்டானவை), பானையைப் போல. மண் தானாகப் பானை ஆகாது, தண்டும் சக்கரமும் பக்கத்தில் கிடந்தாலும் ஆகாது, குயவன் ஒருவன் வேண்டும். உலகமும் உறுப்புகள் சேர்ந்து உண்டானது, ஆகவே அதற்கும் ஒருவன் வேண்டும். தமிழில் இந்த வாதம் எங்கும் பரவிக் கிடக்கிறது. சைவ சித்தாந்தத்தில் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என்று மூன்றாகப் பிரிப்பது இந்தக் குயவனை வைத்துத்தான். மெய்கண்டாரின் சிவஞானபோதம் தொடங்குவதே "அவன் அவள் அது எனும்" உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறது என்பதிலிருந்து இறைவனுக்குப் போகும் சூத்திரத்தோடு. அதை விரித்த அருணந்தி சிவாச்சாரியார் "தருபவன் ஒருவன் வேண்டும்" என்று இன்னும் நேராகவே சொல்லிவிட்டார். திருக்குறளின் முதல் குறளுக்கு உரை எழுதும்போது பரிமேலழகர்கூட, "காணப்பட்ட உலகத்தால் காணப்படாத கடவுட்கு உண்மை கூற வேண்டுதலின்" என்று ஒரு வரி வைக்கிறார். கண்ட உலகத்தைப் பிடித்துக்கொண்டு காணாத கடவுளுக்குப் போவது, அதுதான் அனுமானம்.

இந்த வழியில் போனவர்களில் பெரியவர் உதயணர். மிதிலைக்காரர், பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி. அவருடைய நியாயகுசுமாஞ்சலி முழுக்க முழுக்க கடவுளை நிறுவுவதற்காகவே எழுதப்பட்டது. பானை மட்டும் இல்லை, அதில் விசித்திரமான காரணங்கள் எல்லாம் உண்டு. சொற்களுக்குப் பொருள் கற்றுத்தர முதலில் ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்பார். இரண்டு, மூன்று என்ற எண்ணிக்கை உண்டாக எண்ணுகிற ஒரு அறிவு தேவை, படைப்பின் தொடக்கத்தில் அணுக்களை எண்ண யார் இருந்தார்கள் என்று கேட்பார். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. பூரி ஜகந்நாதர் கோயிலுக்குப் போனாராம், கதவு சாத்தியிருந்ததாம். வந்த கோபத்தில், "உன் செல்வச் செருக்கில் என்னை மதிக்காமல் இருக்கிறாய், ஆனால் பௌத்தர்கள் வந்து நின்றால் உன் இருப்பே என் கையில்தான் இருக்கிறது" என்று சாமியைப் பார்த்துச் சொன்னாராம். நடந்ததோ இல்லையோ, சாமியிடமே இப்படிப் பேசுகிற பக்தி எனக்குப் பிடிக்கும்.

அவர் பயந்த பௌத்தர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் தர்மகீர்த்தி (தென்னாட்டில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்கிறது) இந்த வாதத்தைப் புற்றை வைத்து அடித்தார். பானை மண்ணால் ஆனது, அதைக் குயவன் செய்தான். புற்றும் மண்ணால் ஆனதுதான், அதையும் குயவனா செய்தான்? நாம் புற்றுக்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றுவது தனிக் கதை, ஆனால் அதைக் குயவன் செய்தான் என்று யாரும் சொல்ல மாட்டோம். இங்கே இருக்கிற நுட்பம் என்னவென்றால், பானையைப் பார்த்ததும் செய்தவர் உண்டு என்று நாம் முடிவு கட்டுவது அது "காரியம்" என்பதால் இல்லை, அந்த மாதிரிப் பொருளை மனிதர்கள் செய்வதைக் கண்டு பழகியிருப்பதால்தான். மலையை யாரும் செய்து பார்த்ததில்லை. பானைக்கும் மலைக்கும் "காரியம்" என்று ஒரே பெயரை வைத்துவிட்டால் மட்டும் அந்தப் பழக்கம் மலைக்குத் தாவிவிடாது.

இன்னொரு அடி முளையிலிருந்து வந்தது. விதை முளைக்கும்போது பக்கத்தில் எந்தக் கைவினைஞரும் இல்லையே, கர்த்தா இல்லாத காரியம் கண் முன்னாலேயே இருக்கிறதே என்றார்கள். நியாயக்காரர்கள் அசரவில்லை. முளைக்குக் கர்த்தா உண்டா என்பதே நம் விவாதப் பொருள், விவாதப் பொருளையே எதிர் உதாரணமாக நீட்டக் கூடாது என்றார்கள். தர்க்க விதிப்படி சரியான பதில். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. உலகத்தில் மனிதர் செய்யாத அத்தனையும் விவாதப் பொருளுக்குள் போய்விட்டால், "காரியத்துக்கெல்லாம் கர்த்தா உண்டு" என்ற விதிக்கு ஆதாரமாக மிஞ்சுவது மனிதர் செய்த பானை, துணி, வீடு மட்டும்தான்.

இதுவரை பௌத்தர்கள், எதிர்க்கட்சி. அடுத்த அடி வேதத்தின் பக்கமிருந்தே வந்தது. குமாரில பட்டர் மீமாம்சகர், அதாவது வேதச் சடங்குகளின் பொருளை ஆராயும் மரபுக்காரர், வேதத்தை உயிராகப் பிடித்திருந்தவர், யாகங்களை நம்பியவர், பௌத்தர்களை விரட்டி விரட்டி வாதம் செய்தவர். அவருக்குப் படைப்புக் கடவுள் தேவையே இல்லை. சுலோகவார்த்திகத்தில் அவர் கேட்கிற கேள்விகள் இன்றைக்கும் கூசும். படைப்புக்கு முன்னால் அவர் எங்கே இருந்தார்? உடம்பு உண்டா? உண்டென்றால் அந்த உடம்பைப் படைத்தது யார்? இல்லையென்றால் எதைக் கொண்டு செய்தார்? எதற்காகச் செய்தார்? நோக்கம் இல்லாமல் முட்டாள்கூட ஒரு வேலையில் இறங்க மாட்டானே. கருணையால் படைத்தார் என்றால், அப்போது கருணை காட்டுவதற்கு உயிர்களே இல்லையே. கருணையால்தான் படைத்தார் என்றே வைத்துக்கொண்டாலும், சந்தோஷம் மட்டும் உள்ள உலகத்தைப் படைத்திருக்கலாமே. இதைக் கேட்பவர் வேதம் ஓதுகிறவர் என்பதை மறக்க வேண்டாம்.

அப்புறம் ராமானுஜர். பூமியும் கடல்களும் காரியங்கள் என்றே ஒப்புக்கொள்வோம் என்று தொடங்குகிறார். சரி, அவை எல்லாம் ஒரே காலத்தில், ஒரே ஒருவரால் செய்யப்பட்டன என்பதற்கு என்ன பிரமாணம்? உலகில் வெவ்வேறு காரியங்களை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் செய்வதைத்தானே பார்க்கிறோம். பெரும் புண்ணியம் சேர்த்த சில ஜீவர்கள் ஆளுக்கொரு பகுதியைச் செய்திருக்கக் கூடாதா? மேலும் நாம் கண்ட கர்த்தாக்கள் எல்லோருக்கும் உடம்பு இருக்கிறது, அறிவு குறைவு, சக்தி குறைவு. பானையை உதாரணமாகப் பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் கிடைப்பது குயவனைப் போன்ற ஒருவர்தானே, எல்லாம் அறிந்த எல்லையற்ற பரம்பொருள் எப்படிக் கிடைப்பார்? ஆகவே பிரம்மத்தை அறியச் சாத்திரம் ஒன்றே வழி என்று முடிக்கிறார். அவருக்கு முந்தைய தலைமுறை ஆசாரியரான ஆளவந்தார் ஈசுவரசித்தி என்று ஒரு நூல் எழுதியிருக்கிறார், முழுதாகக் கிடைக்கவில்லை, கிடைக்கிற பகுதி நியாயக்காரர்களின் வழியில்தான் போகிறது. சொந்தக் குருபரம்பரையிலேயே இருந்த ஒரு வழியை விட்டு ராமானுஜர் விலகியிருக்கிறார் என்பது சாதாரண விஷயம் இல்லை.

ஏன் விலகினார்? மீமாம்சையில் ஒரு விதி உண்டு: வேறு வழியில் அறிய முடியாததைச் சொன்னால்தான் சாத்திரத்துக்குப் பயன். அனுமானத்தாலேயே கடவுள் கிடைத்துவிடுவார் என்றால் உபநிடதங்கள் எதற்கு? இது ஒரு காரணம். இன்னொன்று, இது என் வாசிப்பு, அனுமானத்தில் கிடைக்கிற கடவுள் அவருக்குப் போதவில்லை. ஆழ்வார்களின் பாட்டில் ஊறியவருக்கு, "உலகுக்கு ஒரு காரணம்" என்கிற வெறும் கணக்கு விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஐரோப்பாவில் இதே பாதையில் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் நடந்தார். வீடு கட்டவும் கப்பல் கட்டவும் நிறைய பேர் சேர்கிறார்களே, உலகத்தைப் பல தெய்வங்கள் சேர்ந்து செய்திருக்கக் கூடாதா என்ற அவருடைய கேள்வி, அவர் 1776-ல் இறந்து மூன்று வருடம் கழித்து அச்சான உரையாடல் நூலில் வருகிறது. ராமானுஜரைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, இருந்தும் கேள்வி கிட்டத்தட்ட அதே. அதன் பிறகும் 1802-ல் ஆங்கிலேயப் பாதிரியார் வில்லியம் பேலி பானைக்குப் பதில் கடிகாரத்தை வைத்து வாதத்தைப் புதுப்பித்தார், 1859-ல் டார்வின் உயிர்களின் வடிவமைப்புக்குக் கைவினைஞர் இல்லாத விளக்கம் ஒன்றைக் கொடுத்தார். இப்போது வாதம் இயற்பியலுக்கு நகர்ந்துவிட்டது. இயற்கையின் அடிப்படை அளவுகளான மாறிலிகள் கொஞ்சம் பிசகியிருந்தால் நட்சத்திரமே உண்டாகியிருக்காது, யாரோ திருகி வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு இது பழைய பானை வாதத்தைவிட வலுவானதாகத்தான் படுகிறது, ஆனால் நம்மிடம் இருப்பது ஒரே ஒரு பிரபஞ்சம், அதை வைத்துக்கொண்டு இப்படி அமைய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடுவது எப்படி என்பது யாருக்கும் தெளிவில்லை. திருகியவர் ஒருவர்தானா என்ற ராமானுஜரின் கேள்வியும், நல்லவரா என்ற குமாரிலரின் கேள்வியும் அப்படியே நிற்கின்றன.

இயற்பியலில் ராமானுஜருக்கு ஒரு கூட்டாளி உண்டு. பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்ட பெல்ஜியத்துக்காரர் ஜார்ஜ் லெமைத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-லேயே எழுதினார். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், இந்த அறிவியல் படைப்புக்குச் சாட்சி சொல்வது போலப் பேசியபோது, சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய லெமைத்ர் சங்கடப்பட்டார். தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பது அவர் நிலைப்பாடு. இன்றைக்கு ஒரு கருதுகோளின் மீது கடவுளை ஏற்றிவைத்தால், நாளைக்கு அது கவிழும்போது கடவுளும் சேர்ந்து கவிழ வேண்டியிருக்கும் என்பது பாதிரியாருக்குத் தெரியாதா.

சரி, நிரூபணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது நம்பிக்கை அறிவுக்கு ஒவ்வாததாகிவிடுமா? "கண்ணால் கண்டதை மட்டும் நம்புவேன்" என்கிறவருக்குத் தமிழில் மிகப் பழைய பதில் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்வதும் கடவுளை நம்புகிறவள் இல்லை. மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டுக்கொண்டே போகிறாள். கடைசியில், உலகம் பூதங்களின் சேர்க்கை மட்டுமே என்கிற பூதவாதி, "கண்கூடு அல்லது கருத்தளவு அழியும்", அதாவது காட்சி ஒன்றே பிரமாணம், ஊகமெல்லாம் செல்லாது என்கிறான். அவளுடைய பதில் ஒரே கேள்வி: "தந்தை தாயரை அனுமானத்தால் அலது இந்த ஞாலத்து எவ்வகை அறிவாய்?" நீ பிறந்ததை நீ பார்க்கவில்லையே அப்பா. (டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறதே என்றால், அதுவும் ஆய்வகத்துக்காரர் சொல்லை நம்புவதும் அதிலிருந்து ஊகிப்பதும்தான்.) பௌத்தக் காப்பியத்தின் நாயகி, படைப்புக் கடவுளை ஏற்காத மரபுக்காரி, "காட்டு பார்ப்போம்" கட்சியை இப்படி வாயடைக்கிறாள்.

சந்தேகவாதிகளில் நிதானமானவர்கள் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள். காட்சி வேண்டாம், போதுமான சான்றாவது வேண்டும் என்பார்கள். இங்கிலாந்தின் கணித அறிஞர் டபிள்யூ. கே. கிளிஃபோர்டு 1877-ல் இதை ஒழுக்க விதியாகவே வைத்தார்: போதிய சான்றில்லாமல் எதையும் நம்புவது, யாருக்கும், எங்கேயும், எப்போதும் தவறு. ஓட்டைக் கப்பலை நல்ல கப்பல் என்று தன்னைத்தானே நம்பவைத்துக்கொண்டு கடலுக்கு அனுப்பிய முதலாளியை அவர் உதாரணமாகச் சொல்வார். 1896-ல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் பதில் சொன்னார். வாழ்க்கையில் சில விஷயங்களில் சான்று முழுதாக வரும்வரை காத்திருப்பதே ஒரு பக்கம் சாய்ந்த முடிவுதான், அப்படிப்பட்ட இடத்தில், சான்று இரண்டு பக்கமும் தீர்மானமாக இல்லாதபோது, மனம் ஒரு பக்கம் துணிவது குற்றமில்லை என்றார். நண்பனை முழுதாகச் சோதித்த பிறகே நட்பு வைப்பேன் என்கிறவனுக்கு நட்பே கிடைக்காது. ஜேம்ஸ் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இதே அனுமதிச் சீட்டோடு எந்தச் சாமியாரின் பின்னாலும் போகலாம் என்ற உறுத்தலும் எனக்கு இருக்கிறது.

ஆழமான பதில், பார்த்தால், குமாரிலரிடமே இருக்கிறது. படைப்புக் கடவுளை மறுத்த அதே குமாரிலர்தான் நம்பிக்கைக்காரர்களுக்கு மிக நல்ல கவசத்தையும் செய்து கொடுத்தார். அவர் கேட்டது இது: ஒரு அறிவு சரியானது என்பதற்கு இன்னொரு அறிவு சான்று சொல்ல வேண்டும் என்றால், அந்த இன்னொன்றுக்கு யார் சான்று? போய்க்கொண்டே இருக்கும், முடிவே இல்லை. ஆகவே ஒரு அறிவு உண்டானால் அதைச் சரி என்று எடுத்துக்கொள்வதுதான் இயல்பு. தள்ளுவதற்குத்தான் காரணம் வேண்டும். அந்தக் காரணம் இரண்டு வகையில் வரும். ஒன்று, அறிவு வந்த வழியில் கோளாறு இருப்பது தெரியவருவது, காமாலைக் கண்ணுக்குச் சங்கு மஞ்சளாகத் தெரிவது மாதிரி. இரண்டு, அதற்கு நேர்விரோதமான இன்னொரு அறிவு பின்னால் வந்து அதை அழிப்பது, வெள்ளி என்று குனிந்து எடுத்தது சிப்பியாக இருப்பது மாதிரி. சுதப் பிராமாண்யம் என்று இதற்குப் பெயர். குமாரிலர் வேதத்துக்காகச் செய்த இந்தக் கவசத்தை வேதாந்திகள் எடுத்துக் கடவுளுக்கு மாட்டினார்கள். ராமானுஜர் அனுமானத்தை உடைத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிந்தது இதனால்தான்.

மேற்கில் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆல்வின் பிளாண்டிங்கா 1967-லிருந்து செய்துவந்தது ஏறக்குறைய இதே வேலை. பக்கத்தில் இருப்பவருக்கு மனம் என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு நம்மிடம் கறாரான நிரூபணம் கிடையாது, ஆனாலும் அப்படி நம்புவது மடமை இல்லை. கடவுள் நம்பிக்கையும் அப்படி வாதத்தின் மேல் கட்டப்படாத அடிப்படை நம்பிக்கையாக இருக்கலாம், அதை அசைக்க வேண்டுமானால் அசைக்கும் காரணத்தைக் கொண்டு வாருங்கள் என்பது அவர் நிலை.

எனக்கு இது சரி என்றே படுகிறது. சிறு வயதிலிருந்து கும்பிட்டு வளர்ந்த ஒருவர், ஒரு சன்னிதியில் நிற்கும்போது தன்னை யாரோ பார்க்கிறார் என்று உணர்கிற ஒருவர், நிரூபணம் கையில் இல்லை என்பதற்காக மட்டும் முட்டாள் ஆகிவிட மாட்டார். ஆனால் கவசம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். அது தொடக்கத்தில் சந்தேகத்தின் பலனைத் தருகிறது, அவ்வளவுதான். சன்னிதியில் எதையும் உணராத பக்கத்து ஆளுக்கும் அதே நியாயம் உண்டு. அவருக்கு அந்த அறிவே உண்டாகவில்லை, எதை அவர் காப்பாற்றுவது? அப்புறம், குமாரிலரின் இரண்டு வாசல்களும் திறந்தே இருக்கின்றன.

முதல் வாசலில், அதாவது வந்த வழியே கோளாறு என்ற வாசலில், நிற்கிறவர் பெரியார். கடவுள் விவாதத்தில் அவரைப் பானை உடைக்கிறவராகப் பார்ப்பது பாதிதான் சரி. அவருடைய முக்கியமான கேள்வி உலகத்தைப் படைத்தது யார் என்பது இல்லை, உனக்கு இதைச் சொன்னது யார், அதனால் யாருக்கு லாபம் என்பது. பிறப்பால் ஒருவனைக் கோயிலுக்கு வெளியே நிறுத்துகிற ஏற்பாட்டுக்குக் கடவுள் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லும் வாய், மற்ற விஷயத்தில் மட்டும் உண்மை பேசும் என்று ஏன் நம்ப வேண்டும்? இதற்கு மிகப் பழைய முன்னோடி உண்டு. வேதத்தைச் செய்தவர்கள் கோமாளிகளும் வஞ்சகர்களும் அரக்கர்களும் என்று, பழைய நாத்திகர்களான சார்வாகர்கள் சொன்னதாக, பதினான்காம் நூற்றாண்டில் தொகுத்த சர்வதரிசன சங்கிரகம் என்ற நூல் எடுத்துக்காட்டுகிறது. வழக்கமாகச் சொல்லப்படும் பதில், ஒரு கருத்து மோசமான இடத்திலிருந்து வந்தது என்பதாலேயே பொய்யாகிவிடாது என்பது. உண்மைதான், பொய்யாகாது. ஆனால் ஆரம்பத்தில் இலவசமாகக் கிடைத்த அந்தச் சந்தேகத்தின் பலன் போய்விடும், அதற்குப் பிறகு வெளிச் சான்று தேவைப்படும். மீமாம்சகர்களுக்கு இந்த ஆபத்து தெரிந்திருந்ததால்தான் வேதத்தை யாருமே செய்யவில்லை என்றார்கள். ஆள் இல்லையென்றால் ஆளின் குற்றமும் இல்லை, சாமர்த்தியமான யோசனை. கடவுளே சொன்னார் என்கிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. நூல் உண்மை, ஏனென்றால் கடவுள் சொன்னது. கடவுள் உண்டு, ஏனென்றால் நூல் சொல்கிறது. இந்த வட்டத்தில் எல்லா மதத்துக்காரர்களும் சுற்றுகிறார்கள்.

இந்த வாசலை நம்பிக்கைக்காரர் ஒருவரே திறந்துவிட்டதும் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. பெரியாருக்கு முன்பே வள்ளலார், "சாதியும் மதமும் சமயமும் பொய்யென ஆதியில் உணர்த்திய அருட்பெருஞ்ஜோதி" என்று பாடினார். வந்த வழி கோளாறு என்பதை முழுதாக ஒப்புக்கொண்டுவிட்டு, கடவுளை மட்டும் கையில் வைத்துக்கொண்டார், அவருடைய அத்தாட்சி நூல் இல்லை, அவருடைய சொந்த அனுபவம். இந்த நிலை பெரியாரின் கேள்விக்கு நன்றாகவே தாங்குகிறது. ஒரே ஒரு பலவீனம், அனுபவம் அவருடையது, நமக்கு வருவது அவர் சொல்.

இரண்டாவது வாசல், எதிர் அறிவு. இங்கேதான் கனம் அதிகம். ஒரு வீட்டில் சாவு மேளம், இன்னொரு வீட்டில் கல்யாண முழவு, ஒருத்தி பூச்சூடுகிறாள், இன்னொருத்தி அழுகிறாள், இப்படி ஒரு உலகத்தைப் "படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்" என்று புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் திட்டுகிறார். பிச்சை எடுத்துத்தான் வாழ வேண்டும் என்று உலகை இயற்றியிருந்தால் இயற்றியவன் அலைந்து கெடட்டும் என்று வள்ளுவரே ஒரு குறளில் சபிக்கிறார். இருவரும் நாத்திகம் பேசவில்லை. படைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்றால் இது என்ன படைப்பு என்கிற ஆத்திரம் அது.

வேதாந்தமும் சித்தாந்தமும் இதற்குச் சொல்கிற பதில் வினை. பிரம்மசூத்திரமே, உயிர்களின் வினையைப் பார்த்துத்தான் இறைவன் கொடுக்கிறான், ஆகவே அவனுக்குப் பாரபட்சமோ கொடூரமோ இல்லை என்கிறது. வினை அறிவில்லாத சடம், தானாகப் போய் உரியவனைச் சேராது, சேர்ப்பிக்க ஒருவன் வேண்டும் என்று சித்தாந்திகள் அங்கேயும் கடவுளுக்கு ஒரு வேலை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கட்டமைப்பாகப் பார்த்தால் கிறித்தவ மரபு தரும் பல பதில்களைவிட இது முழுமையானது, துன்பத்தின் ஒவ்வொரு துளிக்கும் கணக்கு இருக்கிறது. என் சிக்கலே அதுதான். புற்றுநோய் வந்த இரண்டு வயதுக் குழந்தையின் கணக்கிலும் அது பற்று எழுதுகிறது, பார்க்க முடியாத ஒரு பழைய பிறவியைக் காட்டி. அந்தப் பிறவிக்கு என்ன சான்று என்று கேட்டால், இந்தத் துன்பம்தான் சான்று என்பார்கள். பாதிக்கப்பட்டவரையே குற்றவாளி ஆக்குகிற இந்த விளக்கம், சாதியைக் காப்பாற்ற எத்தனை நூற்றாண்டு உழைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விளக்கமே இல்லாமல் இருப்பது மேல் என்று தோன்றுகிறது.

மிச்சமிருக்கிற நேர்மையான பதில், "தெரியாது" என்பது. அளவற்ற ஒரு அறிவு எதற்காக எதை அனுமதிக்கிறது என்பது நம் அறிவுக்கு எட்ட வேண்டிய அவசியம் இல்லை, எட்டவில்லை என்பதால் காரணமே இல்லை என்றும் ஆகாது. இப்படிச் சொல்லிக்கொண்டு நம்புகிறவரை நான் அறிவுக்கு விரோதமானவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பதிலைப் பாதி வழி வரைக்கும் மட்டும் பயன்படுத்த முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்ரீகர்கள் நூற்றுக்கணக்கில் ஆழிப்பேரலையில் இறந்தார்கள். பேராலயத்துக்குள் கடல் புகவில்லை என்பதை மாதாவின் அற்புதம் என்று சொன்னவர்களும் உண்டு. கரையில் செத்தவர்கள் ஏன் செத்தார்கள் என்றால் கடவுளின் நோக்கம் நமக்குத் தெரியாது, ஆலயம் ஏன் தப்பியது என்றால் மட்டும் நன்றாகத் தெரியும் என்பது நடக்காது. தெரியாது என்றால் இரண்டும் தெரியாது. மழை பெய்தால் அருள், பிள்ளை தேர்வில் பாஸானால் அருள், விபத்தில் தப்பினால் அருள், எந்தக் கிரகத்துக்கு எந்தப் பரிகாரம் என்று சொல்லும் விலைப்பட்டியல், இவை எல்லாமே கடவுளின் மனம் நமக்குத் தெரியும் என்ற பாவனையில் நடக்கிறவை. துன்பத்தின் கேள்விக்குத் "தெரியாது" என்று சொல்லித் தன் நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்கிற பக்தர் இவற்றையும் சேர்த்து விட்டுக்கொடுத்தாக வேண்டும். அதற்கு எத்தனை பேர் தயார் என்று எனக்குத் தெரியவில்லை, நான் பார்த்த பக்தர்களில் அப்படி இருக்கிறவர்கள் மிகச் சிலர், அவர்களோடு கடவுளைப் பற்றி வாதம் செய்யத் தோன்றியதில்லை.